மேலிருந்து இரண்டாவது

பெண்கள் வரிசையில் தெய்வாத்தாளுக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டாள். பக்கத்து ஆண்கள் வரிசையில் அவருக்கு முன்னால் ஆறு பேர். அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், கரட்டுப்பாளையம் தொகுதியில் எட்டாவது தடவையாக நிற்கிற நாச்சிமுத்து, வயது எண்பத்தொன்று. வேட்பாளர் நேராக உள்ளே போனால் யாரும் தடுக்கப்போவதில்லை. எண்பது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தபடியே போடலாம் என்று போன மாதம் படிவத்தோடு ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். "வேட்பாளரே ஊட்ல உக்காந்து போட்டா நாலு பேரு என்னங்க பேசுவாங்க?" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். வரிசையில் நின்றுதான் போடுவார், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போவார், அது அவர் ஐம்பது வருஷ வழக்கம். இப்போதும் வெறுங்காலோடு பள்ளிக்கூட வராந்தாவில் நிற்கிறார், பிடரி முடி ஒரு பக்கம் கலைந்திருக்கிறது, காலையில் சீப்பை எடுத்துக் கையில் கொடுத்தாளே, வாரினாரா இல்லையா, வாரிவிடுகிறேன் என்றால் கோபம் வந்துவிடும், அந்தக் கோபமும் இப்போது பழைய கோபமாக இல்லை, குழந்தைக் கோபமாக இருக்கிறது. வெள்ளைச் சட்டை முதுகில் வியர்த்து ஒட்டியிருக்கிறது. இந்த முதுகுக்கு எதிராகத்தான் இன்றைக்கு ஓட்டுப் போடப் போகிறாள். ஆமாம், எதிராகத்தான். விடிகாலையில் படுக்கையிலிருந்து எழும்போதே முடிவு பண்ணிவிட்டாள். பல் விளக்கும்போது அது துரோகமாகப் பட்டது, இட்லி ஊற்றும்போது நியாயமாகப் பட்டது, காரில் ஏறும்போது மறுபடி துரோகமாகப் பட்டது. அவர் தோற்க வேண்டும். தோற்று வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் அவள் வேண்டுதல். இந்த வேண்டுதலை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்லுவது? அவர் ஜெயிக்க வேண்டும் என்று எல்லாச் சாமியிடமும் முன்னாலேயே சொல்லிவைத்திருக்கிறாளே.

போடுவதுகூடப் பெரிய காரியமில்லை. அட்டை மறைப்புக்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? போட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் கஷ்டம். ஒவ்வொரு தேர்தலிலும் வெளியே வந்ததும் அவர் கேட்பார், "போட்டியா அம்மிணி?" போட்டேனுங்க என்பாள். "நான் சொன்ன எடத்துலதானே?" ஆமாங்க என்பாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்லுவது போல, மாறாத நாலு வார்த்தை. இன்றைக்கு அந்த ஆமாங்கவை எப்படிச் சொல்லுவது? அவரிடம் அவள் பொய் சொன்னதில்லை. நல்லவள் என்பதால் இல்லை, வராது, அவ்வளவுதான். ஒரு தடவை வளையல் தொலைந்துபோனதை மறைக்கப் பார்த்து, அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் அழுதுவிட்டாள். முதல் ஓட்டு ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் இருபத்தொரு வயசு ஆக வேண்டும், காகிதச் சீட்டு, ரப்பர் முத்திரை. இதே பள்ளிக்கூடத்துச் சுவரோரம் அவளை நிறுத்தி, வலது கையை விரிக்கச் சொல்லி, உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால் குறுக்கே கோடு கோடாகப் போட்டு, "மேலிருந்து மூணாவது, மணிக்கூண்டு, முத்திரை கோட்டத் தாண்டக் கூடாது, தாண்டுனா செல்லாத ஓட்டு" என்று அழுத்திக் காட்டினார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதில் எத்தனையாவது கட்டம் என்பது எவளுக்கு மனசில் நிற்கும்? உள்ளே போய் மணிக்கூண்டுச் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் குத்தினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் உள்ளங்கையில் அந்தக் கோடுகள். இன்றைக்குக் காலையில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றாள். அவர் சட்டைப் பையைத் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னங்க என்றாள். ஒண்ணுமில்ல, போலாம் என்றார். மறந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகு வெறும் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"டிரைவருக்கே அறுவதுல ரிட்டயர்மெண்ட்டுக்கா. பஸ்ஸ ஓட்டறதுக்கே அப்படீன்னா கவர்மெண்ட ஓட்டறதுக்கு வேண்டாமா?" முன்னால் நின்ற சுடிதார்ப் பெண் சொன்னாள். அவளுக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு நின்றவள் விடவில்லை. "வயசுல என்ன இருக்குது? எங்க வார்டு கவுன்சிலருக்கு முப்பத்தஞ்சுதான், போன் பண்ணுனா எடுக்கறதேயில்ல. அய்யா வெள்ளத்தப்ப எழுவது வயசுல ஏரிக்கரை மேல நின்னாரு, நான் கண்ணால பாத்தேன்." எழுபத்திரண்டு, என்று தெய்வாத்தாள் மனசுக்குள் திருத்தினாள். எழுபத்திரண்டு வயசில் மூன்று நாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண் மூட்டைக்கு ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு. அப்போது வயசைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் அவளே சண்டைக்குப் போயிருப்பாள். இப்போதும் அந்தப் பெண்ணோடு சண்டை போட வேண்டும்போல் இருந்தது, அறுபதில் ஓய்வாமே, அறுபதில் அவர் இரண்டு ஆளாக இருந்தாரே. இந்தத் தடவை அவருக்கு எதிராக மணிக்கூண்டுச் சின்னத்தில் நிற்கிற பல் டாக்டர் பெண்ணும் டிவியில் இதையேதான் சொன்னாள், முப்பத்தாறு வயசு, நல்ல களையான முகம். அய்யா எங்களுக்குத் தாத்தா மாதிரி, தாத்தாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், கோட்டைக்கு அனுப்பவா செய்வோம், என்று சிரித்தாள். தெய்வாத்தாள் எழுந்து போய் டிவியை அணைத்தாள். அணைத்த பிறகு கையில் ரிமோட்டோடு அப்படியே நின்றாள். அவள் மனசில் இருந்ததைத்தானே அந்தப் பெண்ணும் சொன்னாள்? வயசு ஒரு கேடா? வயசைக் குற்றமாகச் சொன்னால் ரத்தம் கொதிக்கிறது. வயசு குற்றமில்லை என்று சொன்னால், அதைவிட மோசமாக, பொய்க்கு உடந்தையாக நிற்கிற மாதிரி இருக்கிறது. சுடிதார்ப் பெண் தற்செயலாகத் திரும்பினவள் அடையாளம் கண்டுகொண்டு நாக்கைக் கடித்தாள். "பெரியம்மா, நீங்களா, சும்மா பேசிட்டிருந்தமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க." தெய்வாத்தாள் "அதனாலென்ன கண்ணு" என்றாள். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவளுக்கும் தெரியாது. இத்தனை பெரிய வரிசையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மறதிக்குக் காட்டப் போனபோது கோயமுத்தூர் நரம்பு டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அய்யா, ஒரு கடிகாரம் வரையுங்க என்றார். இவ்வளவுதானா என்று அவர் சிரித்தார். சின்ன வயசில் கட்சிக்காகச் சுவர் சுவராகச் சின்னம் வரைந்த கை, ராத்திரி பகல் பாராமல் சுண்ணாம்பும் காவியும் குழைத்த கை. தாளில் மளமளவென்று மணிக்கூண்டே எழும்பிவிட்டது, மேலே கூரை, கூரைமேல் கொடி, கீழே படிக்கட்டு. கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. அப்புறம் நடுவில் வட்டத்துக்குள் எண்களைப் போட்டார், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எல்லாம் வலது பக்கமே குவிந்து கிடந்தன, இடது பக்கம் வெறுமையாக இருந்தது. மணி பதினொன்று பத்து காட்டுங்க என்றார் டாக்டர். பேனா முனை வட்டத்துக்கு மேல் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. தெய்வாத்தாள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் வராந்தாவில் அவளிடம் மட்டும் சொன்னார், ஆரம்பந்தாங்கம்மா, போகப்போகக் கூடும், மேடை கூட்டம் எல்லாம் வேண்டாம், பழகின இடம், பழகின முகம், அது போதும். கனடாவில் இருக்கிற மகளிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அவள் அஞ்சு நிமிஷம் அவரோடு பேசிவிட்டு, அப்பா நல்லாத்தானேம்மா பேசறாரு என்றாள். ஒன்றியச் செயலாளர் பொங்கியண்ணனிடம் சொன்னாள். பாவம், அவருக்கும் கண் கலங்கத்தான் செய்தது. அப்புறம் சொன்னார், "அக்கா, இந்த ஊரு பூராவும் அண்ணன் மொகத்துக்குத்தான் ஓட்டு. வேற யாரு நின்னாலும் டெபாசிட் போயிரும். அண்ணன் ஜெயிச்சு உக்காந்தாப் போதுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்." மிச்சம் என்றால் என்ன? அவர் கையெழுத்தா? அவர் பேச்சா? அவரைத் தேடி வருகிற கிழவிகளின் மனுவா? அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து பொங்கியண்ணன் பிரச்சார வேனில் அவர் முழங்கையோரமே நின்றார். பேச்சு முடிந்ததும் மைக்கைத் தானே வாங்கிச் சின்னத்தைச் சொன்னார், ஏனென்றால் சின்னம் இப்போது குழாய். இரண்டு வருஷம் முன்னால் தலைவர் போய்ச் சேர்ந்ததும் கட்சி இரண்டாக உடைந்து, கோர்ட்டு மணிக்கூண்டை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டது. தலைவர் செத்த அன்று அழாதவர் அந்தத் தீர்ப்பு வந்த அன்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். வேனில் அவர் கையில் பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்திருந்தார்கள். சில நேரம் அதை யாரோ பிடிக்கச் சொல்லிவிட்டுப் போன சாமான் மாதிரி வைத்துக்கொண்டு நிற்பார்.

எல்லாவற்றையும்விட மோசம் பாலத்து விஷயம்தான். ஆற்றுப் பாலத்தின் மேல் வேனை நிறுத்திப் பேசினார்கள். அவர் கட்டின பாலம், கல்வெட்டில் அவர் பேர் இருக்கிறது, திறப்பு விழாவுக்கு அவள் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு போனாள். அதன் மேல் நின்றுகொண்டு அவர் கையை நீட்டி, "என்னய ஜெயிக்க வெச்சீங்கன்னா இந்த ஆத்துக்கு ஒரு பாலம் கட்டித் தருவேன்" என்றார். கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வேனுக்குள் கம்பியைப் பிடித்தாள். பொங்கியண்ணன் மைக்கைப் பிடுங்கி, "ரெண்டாவது பாலம்! ரெண்டாவது பாலமுங்க!" என்று கத்தினார். கைதட்டல் ஓயவேயில்லை. மறுநாள் நோட்டீஸில் இரண்டாவது பாலம் வாக்குறுதியாகவே வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவளும்தான் சிரித்தாள், அதை நினைத்தால்தான் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஒரு தடவை பிடுங்கலாம், பத்து தடவை பிடுங்கலாம், சட்டசபையில் யார் பிடுங்குவது? அங்கே அவர் எழுந்து நின்று, பேனா முனை மாதிரி நின்று, நின்றுகொண்டே இருந்தால்? டிவிக்காரன் அதையே நாள் பூராவும் போடுவானே, இந்த ஊர்ப் பிள்ளைகள் செல்போனில் பார்த்துச் சிரிக்குமே, அந்தச் சிரிப்பை அவர் காது கேட்டுவிடுமே. தோற்றால் மட்டும் என்ன வாழ்கிறது? முதல் தடவை தோற்றபோது மூன்று நாள் சாப்பிடாமல் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். இப்போது தோற்றால் எழுந்திருப்பாரா? எழுந்திருப்பார், அல்லது மறந்துவிடுவார். மறந்துவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தாள், நினைத்த உடனே சீ என்று ஆனது, கட்டினவருக்கு மறதியை வேண்டுகிறவளும் ஒரு பெண்டாட்டியா? அவள் ஒரு ஓட்டால் அவர் தோற்கப்போவதில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எங்கேயாவது ஒரு இடத்திலாவது உண்மையைச் சொல்ல வேண்டுமே. அட்டை மறைப்புக்குள்ளேயாவது.

பெண்களை இரண்டு பேராகவும் ஆண்களை ஒருவராகவும் விட்டதில் அவள் வரிசை வேகமாக நகர்ந்து, அவர் உள்ளே போனபோது அவள் வாசற்படிக்கு வந்திருந்தாள். சுவரில் பதினாறாம் வாய்ப்பாடு எழுதியிருந்தது. அலுவலர் பேரை வாசித்தார், நாச்சிமுத்து, ஏஜெண்டுகள் எல்லோரும், எதிர்க்கட்சி ஏஜெண்டும்கூட, பாதி எழுந்து கும்பிட்டார்கள். விரலில் மை வைத்தார்கள். கையெழுத்து நன்றாகவே போட்டார், வால் நீண்ட பழைய கையெழுத்து. மறைப்புக்குப் பின்னால் போனார். அவர் தலை மட்டும் மேலே தெரிந்தது. பீப் சத்தம் வரவில்லை. சுடிதார்ப் பெண்ணுக்கு உடனே வந்ததே. வரவில்லை. அந்தத் தலை குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. அலுவலர் பேனாவைத் தட்டினார். எல்லாக் கண்ணும் அந்த அட்டையையே பார்த்தன. வாய்ப்பாட்டைப் படித்தாள், பதினாறு ஒண்ணு பதினாறு, பதினாறு ரெண்டு முப்பத்திரண்டு, குழாய் ஒன்பதாவது, ஒன்பதாவது இடம் என்று நோட்டீஸ் நோட்டீஸாக அச்சடித்தார்களே, படம்கூட இருக்கிறதே, உங்க படம்தானுங்க, அதைப் பாருங்க, அதுக்கு நேரா அழுத்துங்க. எதிராகப் போட வந்தவள் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலுவலர், "அய்யா, ஏதாச்சும் ஒதவி வேணுமுங்களா?" என்று பாதி எழுந்தார். அப்போது பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது.

அவர் வெளியே வந்தார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது, பழைய முகம், சுவரில் சின்னம் வரைந்து முடித்துவிட்டுக் கையைத் துடைக்கும்போது இருக்கிற முகம். வாசலில் அவள் நிற்பதைப் பார்த்தார். பார்த்ததும் ஏதோ ஞாபகம் வந்தவராக நின்று, அவள் வலது கையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டு அழுத்தினார். "மேலிருந்து ரெண்டாவது. மறந்துறாத அம்மிணி." குரலைத் தாழ்த்திக் காதோரம் சொன்னார், "பெட்டிக்குள்ளாற சீட்டு விழுந்துச்சு, கண்ணாடில பாத்தேன். மணிக்கூண்டு பளிச்சுனு இருந்துச்சு." அவருடைய மை வைத்த விரல் ஈரமாக இருந்தது. "அய்யா, இங்க பேசக் கூடாதுங்க" என்றார் அலுவலர், அதட்டாமல். யாருக்கும் கேட்டிருக்காது. அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள், கேட்டிருக்காது. அவர் செருப்பைத் தேடிப் போனார்.

தெய்வாத்தாள், கணவர் நாச்சிமுத்து, என்று யாரோ வாசித்தார்கள். கையெழுத்துப் போட்டாளா, மை வைத்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. மறைப்புக்குள் நின்றாள். மேலிருந்து இரண்டாவது, மணிக்கூண்டு, பக்கத்தில் பல் டாக்டர் பெண்ணின் சிரிப்பு. கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். ஒன்பதாவது, குழாய். பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு கிழவர், கன்னம் ஒட்டி, முடி வெளுத்து, எதையோ கேட்க வந்து மறந்துவிட்டவர் போல. ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருப்பது கறுத்த முடியோடு இருக்கிற பழைய படம். இது மட்டும் சட்டப்படி மனுத்தாக்கலுக்குப் புதிதாக எடுத்தது. இந்தக் கிழவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ பாவம், நிற்கிறார் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார். அவளுக்கு அழுகை முட்டியது. ஒருத்தருக்குத் தன் முகம் ஒரு ஓட்டுக்குக்கூட ஆகாமல் போகுமா? ஒன்பதாவதில் விரலை வைத்தாள். இந்தக் கிழவருக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு ஓட்டாவது விழ வேண்டாமா? பிறகு விரலை எடுத்தாள். விழ வேண்டாம், வீட்டுக்கு வரட்டும். வலது உள்ளங்கையில் அவர் விரல் மை இரண்டாவது கோட்டின் மேல் பொட்டாக ஒட்டியிருந்தது. ஐம்பது வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவரை மீறலாம் என்று வந்தாள். அதுவும் முடியாமல் போய்விட்டது. அவர் சொன்ன இடத்தில் அழுத்தினாள். கண்ணாடிக்குள் மணிக்கூண்டு வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, விழுந்தது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணனும் ஆட்களும், மைக்கும் கேமராவுமாக ஏழெட்டுப் பேர். அவர் வேப்பமரத்தடியில் அவளுக்காக நின்றிருந்தார்.

"போட்டியா அம்மிணி?"

"போட்டேனுங்க."

"நான் சொன்ன எடத்துலதானே?"

"ஆமாங்க" என்றாள். பொய் இல்லை. காலையிலிருந்து எந்தப் பொய்க்குப் பயந்தாளோ அதை அவள் சொல்ல வேண்டியே வரவில்லை. பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். இரண்டு பேரும் மை வைத்த விரலைக் காட்டினார்கள். கேமராக்கள் நெருங்கின. வெற்றி வாய்ப்பு எப்படி இருக்குதுங்கய்யா என்று ஒரு பையன் மைக்கை நீட்டினான். அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அந்தத் தொண்டை இன்னும் வெண்கலம்தான்.

"தொகுதிய விடுங்க தம்பி. எங்க ஊட்ல இருக்கறது ரெண்டு ஓட்டு. அந்த ரெண்டும் இன்னிக்கி விழுந்தது ம..."

"குழாய்க்குங்க" என்றாள் தெய்வாத்தாள்.

பொங்கியண்ணன் திகைத்துத் திரும்பினார். மைக்குகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. எத்தனையோ தேர்தல்களில் கேமரா முன்னால் வாயே திறக்காதவள். "ரெண்டு ஓட்டும் குழாய்க்குத்தானுங்க" என்று மறுபடி சொன்னாள், சிரித்தும் காட்டினாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, குரல் நடுங்கவில்லை. அம்மா சூப்பரா சொல்லிட்டாங்க என்று யாரோ சொன்னார்கள். ஆட்கள் கைதட்டினார்கள். வரிசையின் கடைசியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், இன்னும் ஓட்டுப் போடாதவர்கள்.

கைதட்டலுக்கு நடுவே அவர் குனிந்து அவள் காதில் கேட்டார், வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற ஜாக்கிரதையோடு.

"எந்தக் குழாய், அம்மிணி?"

"ஊட்டுக்குப் போய்ச் சொல்றேனுங்க" என்றாள்.